வளிமண்டல இயலுறு தோற்றம்

வளிமண்டல இயலுறு தோற்றம் என்பது, நிறம், ஒளி வேறுபாடு, விளிம்புகளின் தெளிவு ஆகியவற்றை மாற்றுவதன் மூலம் ஓவியத்தில் தொலைவை உணர்த்தும் முறையாகும். கட்டடங்களையும் தெருக்களையும் வரையும்போது, ஒரு புள்ளியை நோக்கிக் குவியும் கோடுகளால் ஆழத்தைக் காட்டலாம். அத்தகைய நேர்கோடுகள் இல்லாத மலைக்காட்சிகளில் இம்முறையே பெரிதும் உதவுகிறது.

அறிவியல் அடிப்படை

வளியிலுள்ள மூலக்கூறுகள், சிவப்பு ஒளியைவிட அலைநீளம் குறைந்த நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கின்றன. இது ரேலே சிதறல் எனப்படும். இவ்வாறு சிதறிய ஒளி, மலையிலிருந்து வரும் ஒளியுடன் கலக்கிறது. இதனால் கரும்பச்சைக் காடுகள் அடர்ந்த மலையும் தொலைவில் நீலமாகத் தெரிகிறது. மாறாக, தொலைவிலுள்ள பனிச் சிகரத்தின் வெள்ளொளி வரும் வழியில் நீலத்தை இழப்பதால், அது சற்றே மஞ்சளாகத் தோன்றக்கூடும். தூசியோ மூடுபனியோ மிகுந்திருந்தால் மலைகள் சாம்பல் நிறமாகவோ வெண்மையாகவோ தெரியும். ஆகவே, தொலைவிலுள்ளவை யாவும் நீலம் என்பது முழுமையான விதியன்று.

நிலவில் வளிமண்டலம் இல்லை. அங்கு தொலைவிலுள்ள மலைகளும் தெளிவாகத் தெரிந்ததால், அப்பல்லோ விண்வெளி வீரர்கள் தொலைவை மதிப்பிட இடர்ப்பட்டனர்.

வரலாறு

சீன ஓவியர் குவோ சீ 1072 ஆம் ஆண்டில் பட்டுத்துணியில் வரைந்த 'இளவேனில் தொடக்கம்' என்னும் ஓவியத்தில், மையின் அடர்த்தியை மாற்றியே மலைகளுக்கிடையேயான மூடுபனியும் தொலைவும் காட்டப்பட்டுள்ளன. இது தாய்பெய் நகரின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. இத்தாலியில் லியொனார்டோ டா வின்சி (1452–1519), தொலைவு கூடுந்தோறும் பொருளின் நீலமும் கூட வேண்டும் எனத் தம் குறிப்புகளில் விளக்கினார். மோனா லிசாவின் பின்னணி இதற்கு எடுத்துக்காட்டாகும். அடிவாரத்தில் வளி அடர்த்தியாக இருப்பதால், மலையின் உச்சியே அடிவாரத்தைவிடக் கருமையாகத் தெரியும் என்பதையும் அவர் கவனித்திருந்தார்.

வரையும் முறை

பொதுவாக வானமும் மிகத் தொலைவிலுள்ள மலைத்தொடரும் முதலில் வரையப்படுகின்றன.

1. தொலைமலைக்கு வான நிறத்தைவிடச் சற்றே அடர்ந்த நிறம் பூசப்படும். நீர்வண்ணத்தில் நீரும், எண்ணெய் வண்ணத்தில் வெள்ளையும் கலந்து நிறம் வெளிறச் செய்யப்படும்.
2. அருகிலுள்ள ஒவ்வொரு தொடருக்கும் கருமையும் இயல்பு நிறமும் படிப்படியாகக் கூட்டப்படும்.
3. மலையடிவாரம் ஈரத் தூரிகையால் மங்கலாக்கப்படும்.
4. கூரிய விளிம்புகளும் நுண்விவரங்களும் முன்னணியில் மட்டும் இடம்பெறும்.

தொடக்க நிலையினர், மரங்கள் பச்சை என்று அறிந்திருப்பதால் தொலைமலைக்கும் பச்சையே தீட்டுவதுண்டு. அவ்வாறு தீட்டினால் அம்மலை முன்னே வந்துவிடும். ஓவியம் ஆழத்தை இழக்கும். இம்முறையில் உண்மையில் வரையப்படுவது, காண்பவருக்கும் மலைக்கும் இடையிலுள்ள வளியே ஆகும்.