உழைப்புக்கு விலை சொல்லுதல்



கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தி, தன் ஒரு நாள் உழைப்பின் விலை இன்னதென்று தானே சொல்லி நாம் கேட்டதில்லை. தோட்ட நிருவாகமும் தொழிற்சங்கமும் அரசாங்கமும் பேசி முடிக்கும்; அவள் கேட்டுக்கொள்வாள். 2021ஆம் ஆண்டு நாட்சம்பளம் 1000 ரூபாய் என வர்த்தமானியில் வெளிவந்தபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. அத்தகைய தாயின் மகன் ஒருவன், என்னிடம் பயின்றவன், இன்று தன் உழைப்புக்குத் தானே விலை சொல்ல வேண்டியவனாய் நிற்கிறான்.

அவன் செய்வது தேடுபொறி உகப்பாக்கம். இளைஞர் இதனை எஸ்.இ.ஓ. என்பர். எல்லவுக்கு வர விரும்பும் வெளிநாட்டார், 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தின் அருகே தங்குமிடம் உண்டா என்று கைப்பேசியில் தேடுகின்றனர். கூகுள் போன்ற தேடுபொறி, பொருத்தமான பக்கங்களை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. ஒரு விடுதியின் பக்கம் அவ்வரிசையில் மேலே வரும்படி, சொற்களைத் திருத்துவதும், பக்கம் விரைவில் திறக்கச் செய்வதும், பிற தளங்கள் அதனைச் சுட்டுதற்குத் தகுதியாக்குவதுமே இத்தொழில்.

விடுதிக்காரர் ஒருவர், “மாதம் எவ்வளவு?” என்று வினவினார். நம் மாணவன் கூச்சத்தோடு 5000 ரூபாய் என்றான். முதலிடம் வாங்கித் தருவதாகவும் வாக்களித்தான். மாதம் 20 மணி நேரம் உழைத்தான். இரண்டு மாதம் சென்றது, முதலிடம் வரவில்லை, வேலையும் நின்றது. மணிக்கு 250 ரூபாயே மிஞ்சியது.

அவன் செய்த பிழை யாது? தோட்டத்தில் நாம் அறிந்த மூன்று முறைகளை நினைவுகொள்வோம். நாட்சம்பளம் ஒன்று, இன்ன வேலைக்கு இவ்வளவு எனும் கொந்தரப்பு ஒன்று, கிலோவுக்கு இவ்வளவு எனும் கைக்காசு ஒன்று. தேடுபொறித் தொழிலிலும் மாதக் கட்டணம், ஒரு முறை சீரமைப்புக் கட்டணம், பலனுக்கேற்ற கட்டணம் என மூன்று உள. ஆயின் ஒரு வேற்றுமை உண்டு. கொழுந்து செடியில் கண்முன் நிற்கிறது. பறித்ததைத் தராசு காட்டும். வரிசையில் வரும் இடமோ பிறர் கையில் உள்ளது. முதலிடத்துக்கு எவரும் உறுதி கூற இயலாது என்று கூகுள் நிறுவனமே தன் வழிகாட்டியில் எழுதியுள்ளது. பயன் தோன்றப் பொதுவாக நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை செல்லும் என்றும் கூறுகிறது. ஆகவே இடத்துக்கு விலை பேசுதல் தகாது. வேலைக்கே விலை பேசுதல் வேண்டும்.

அவ்விலையை எங்ஙனம் காண்பது? முதலில் கீழெல்லை. குடும்பச் செலவுக்கு மாதம் 60,000 ரூபாயும், மின்சாரம், இணையம், கணினித் தேய்மானம் ஆகியவற்றுக்கு 15,000 ரூபாயும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 200 மணி நேரம் உழைத்தாலும், கற்பதிலும் வேலை தேடுவதிலும் பாதி கழியும். எஞ்சிய 100 மணி நேரமே விற்பனைக்குரியது. எனவே மணிக்கு 750 ரூபாய். 20 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய். இதற்குக் கீழே இறங்குபவன் தன் வீட்டுச் சோற்றையே விடுதிக்காரருக்குத் தானம் செய்கிறான்.

அடுத்தது மேலெல்லை. அறை வாடகை 12,000 ரூபாயாகவும், முன்பதிவுத் தளங்கள் எடுக்கும் தரகு நூற்றுக்கு 15 ஆகவும் கொள்வோம். நேரே வந்து தங்குபவரால் இரவொன்றுக்கு 1800 ரூபாய் மிஞ்சும். மாதம் 12 இரவுகள் அவ்வாறு நிரம்பினால் 21,600 ரூபாய். அதற்கு மேல் கேட்டால் விடுதிக்காரருக்கு நட்டம். இவ்விரு எல்லைகளுக்கு இடையில் நிற்பதே நியாய விலை.

அண்மையில் அம்மாணவன் வேறொரு விடுதிக்குச் சென்றான். செய்யப்போகும் வேலைகளை ஒரு தாளில் எழுதி, மாதம் 18,000 ரூபாய், ஆறு மாதம் என்றான். முதலிடம் பற்றி வாக்கு எதுவும் தரவில்லை. உடையவர் கணக்கைக் கேட்டார், விளக்கினான், ஒப்புக்கொண்டார். வீட்டில் அவன் தாயார், “அந்தத் தொகையை நீயேவா சொன்னாய்?” என்று இருமுறை கேட்டாராம்.

பிள்ளைகளுக்குக் கணினி கற்பிக்கும் நாம், இக்கணக்கையும் உடன் கற்பித்தல் கடனாகும்.