குதிகாலில் தொடங்கும் குத்து

1990களின் தொடக்கத்தில், அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அவர்களின் பேத்தி வயதுப் பிள்ளைகளுக்கு இப்போது அரசுப் பள்ளிகளில் தற்காப்புக் கலைப் பயிற்சி தருகிறார்கள். கராத்தேயும் அதில் உண்டு. உடற்பயிற்சியாக அது எந்த அளவுக்கு உதவும்?

ஒரு குத்தைக் கவனியுங்கள். பின்காலின் குதிகால் தரையை உந்துகிறது. இடுப்பு சுழல்கிறது. அடுத்து தோள், முழங்கை, கடைசியாக மணிக்கட்டு. விசை இப்படிக் கைமாறி மேலேறுவதை அசைவுச் சங்கிலி என்பார்கள். பழகியவரின் முஷ்டி நொடிக்குச் சுமார் 7 மீட்டர் வேகத்தில் பாயும். சைக்கிளை மூச்சுவாங்க மிதித்தால் கிடைக்கும் வேகம் அது. கை ஏறக்குறைய முக்கால்வாசி நீண்ட நிலையில்தான் வேகம் உச்சத்தைத் தொடுகிறது. அதனால்தான் இலக்கின் மேற்பரப்பைக் குறிவைக்காமல், அதற்குச் சற்று அப்பால் குறிவைக்கச் சொல்கிறார் மாஸ்டர்.

இதற்குத் தசைபலம் மட்டும் போதாது. லண்டன் ஆய்வாளர்கள் 12 பிளாக் பெல்ட்காரர்களையும், கராத்தே அறியாத, ஆனால் தவறாமல் உடற்பயிற்சி செய்யும் 12 பேரையும் வெறும் 5 செ.மீ. தூரத்திலிருந்து குத்தச் சொன்னார்கள். பிளாக் பெல்ட்காரர்களின் குத்தே வலுவாக இருந்தது. தோளும் மணிக்கட்டும் ஒத்திசைந்து முடுக்கம் பெற்றதுதான் காரணம். அந்த ஒத்திசைவுக்கும், சிறுமூளையை மற்றப் பகுதிகளோடு இணைக்கும் வெண்பொருளின், அதாவது நரம்பிழைக் கற்றைகளின், அமைப்புக்கும் தொடர்பு இருப்பதை 2012இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது.

எனவே கராத்தே தசையோடு நரம்பையும் பழக்குகிறது. ஒற்றைக் காலில் நின்று உதைக்கும்போது சமநிலை கூடுகிறது. கட்டா எனப்படும் அசைவு வரிசையை மனப்பாடமாகச் செய்யும்போது நினைவும் கவனமும் சேர்ந்து உழைக்கின்றன. விடாமல் செய்தால் இதயத்துக்கும் நல்ல வேலை.

குறைகளும் உண்டு. முன்காலை மடக்கித் தாழ்ந்து நிற்கும்போது முழங்கால் பாதவிரல்களின் திசையில் இருக்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்தால் மூட்டில் தேவையற்ற அழுத்தம் விழும். குமித்தே என்ற நேரடி மோதலில் முகத்தில் அடிபடலாம். பிள்ளைகளின் எலும்பு நுனிகளில் வளர்ச்சித் தகடு என்ற மென்மையான குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. ஓடு, பலகை உடைக்கும் சாகசம் அதைக் காயப்படுத்தக்கூடும். புதுக்கோட்டைக் கோடையில் தடித்த பருத்தி உடையோடு வெயிலில் பயிற்சி செய்தால் உடல்நீர் வற்றும்.

பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் இரண்டு வகுப்பு அதற்கு ஈடாகாது. ஓட்டமும் விளையாட்டும் தொடர வேண்டும்.

பிள்ளையைச் சேர்க்கும் முன் ஒரு வகுப்பை நேரில் பாருங்கள். பெல்ட்டின் நிறத்தைவிட, உள்பக்கம் சாயும் முழங்காலைத் திருத்தி, இடையிடையே தண்ணீர் குடிக்க வைக்கும் மாஸ்டரே முக்கியம். அப்படி ஒருவர் கிடைத்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.