தூக்கம் கெட்டால் எது எதுவோ கெடுகிறது

இரவு மூன்று மணி. மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டபடி ஒருவர் புரண்டு புரண்டு படுக்கிறார். மகளின் காலேஜ் ஃபீஸ், அப்பாவின் சர்க்கரை, ஆபீஸில் யாரோ சொன்ன ஒரு சொல் என்று ஒவ்வொன்றாக மனதில் ஓடுகிறது. காலையில் எழும்போதே அசதி. பேப்பரில் படித்த வரியையே மறுபடி படிக்கிறார். சாயங்காலம் வழக்கமான டீக்கடைக்குப் போகவும் மனமில்லை. சில வாரங்களில், 'நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்' என்ற நினைப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இது மனப்பதற்றமா, மனச்சோர்வா?

மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில் மனச்சோர்வுக்கு 9 அறிகுறிகள் உண்டு. அவற்றில் 5 இரண்டு வாரமாவது நீடிக்க வேண்டும். பொதுவான பதற்றக் கோளாறுக்கு ஆறு மாதக் கவலையோடு, 6 அறிகுறிகளில் 3 வேண்டும். இரண்டு பட்டியலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தூக்கக் கேடு, அசதி, கவனம் நிலைக்காமை மூன்றும் இரண்டிலும் இருக்கின்றன!

ஒரு நோயின் அறிகுறிகளுக்கெல்லாம் அடியில் ஒரே காரணம் இருக்கும் என்றுதான் வழக்கமாக நினைப்போம். தட்டம்மையில் காய்ச்சலும் தடிப்பும் ஒரே வைரஸின் வேலை. காய்ச்சல் தடிப்பை உண்டாக்குவதில்லை. மனநோயையும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். 2010இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் ஆங்கெலிக் கிராமர், டென்னி போர்ஸ்பூம் குழுவினர் வேறு மாதிரி யோசித்தார்கள். அறிகுறிகளே ஒன்றையொன்று இழுத்து வரலாமே? கவலை தூக்கத்தைக் கெடுக்கிறது. தூங்காத உடம்பு அசந்துபோகிறது. அசந்தவர் ஆட்களைத் தவிர்க்கிறார், தனிமையில் மனம் இன்னும் கனக்கிறது. பதற்றம் சோர்வுக்குள் நடந்து போக, இரண்டுக்கும் பொதுவான அறிகுறிகள் பாலமாகின்றன.

இதனால் அடிவேர் எதுவும் இல்லை என்று ஆகிவிடாது. அமெரிக்காவின் கென்னத் கெண்ட்லர் 1992இல் இரட்டைப் பெண்களை ஆராய்ந்தபோது, இரண்டு கோளாறுகளுக்கும் மரபணுப் பின்னணி ஏறக்குறைய ஒன்றே என்று தெரிந்தது; எது தலைதூக்கும் என்பதில்தான் வாழ்க்கைச் சூழலின் பங்கு. வேர் ஒன்றாக இருக்கலாம், கிளைகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்தே நடக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பாலத்தில் கைவைத்தால் என்ன ஆகும்? ஆக்ஸ்ஃபோர்டின் டேனியல் ஃப்ரீமன் குழு, தூக்கமின்மையால் அவதிப்பட்ட 3,755 பிரிட்டன் மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு இணைய வழியில் தூக்கப் பயிற்சி கொடுத்தது. இதில் மாத்திரை கிடையாது. தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குப் போவது, வராவிட்டால் எழுந்துவிடுவது, தினமும் ஒரே நேரத்தில் எழுவது போன்ற பழக்கங்கள்தான். 2017இல் முடிவு வெளியானது. தூக்கம் தேறியது, கூடவே சோர்வும் பதற்றமும் குறைந்தன. பிறர் தனக்குக் கெடுதல் செய்கிறார்கள் என்ற சந்தேக எண்ணங்கள்கூடத் தணிந்தன.

அந்த மூன்று மணி மனிதர் மருத்துவரிடம் போனால், கவலையையோ துக்கத்தையோ முதலில் சொல்ல மாட்டார். "தூக்கம் மட்டும் வரமாட்டேங்குது டாக்டர்" என்பார். அந்த 'மட்டும்' என்ற சொல்லில் நின்று, இன்னும் நாலு கேள்வி கேட்கும் மருத்துவர் அவருக்கு வாய்க்க வேண்டும்.