கருவி விவரணம் (செயற்கை நுண்ணறிவு)

கருவி விவரணம் என்பது, செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்றின் பயன்பாட்டுக்கென வழங்கப்படும் மென்பொருட் கருவியின் பெயர், பணி, உள்ளீடுகள், வெளியீடு ஆகியவற்றை விளக்கும் குறிப்பு ஆகும். பெரிய மொழி மாதிரி ஒன்றை மையமாகக் கொண்டு, தரப்பட்ட பணியை முடிப்பதற்கான படிகளைத் தானே தீர்மானித்துக் கருவிகளை இயக்கும் மென்பொருளே இங்கு முகவர் எனப்படுகின்றது. பொதுவாக மொழி மாதிரி கருவியின் மூல நிரலைக் காண்பதில்லை. விவரணத்தை மட்டுமே வாசிக்கின்றது. ஆதலால் விவரணத்தில் உள்ள குறையும், நிரலில் உள்ள வழுவைப் போலவே, தவறான செயலுக்கு இட்டுச்செல்லக்கூடும்.

செயற்படும் முறை

மொழி மாதிரி கருவியை நேரடியாக இயக்குவதில்லை. பெரும்பாலும் தொடக்கத்தில் கருவிகளின் விவரணங்கள் அதற்கு உரையாகத் தரப்படுகின்றன. கருவி தேவைப்படும்போது, அதன் பெயரையும் உள்ளீட்டு மதிப்புகளையும் மாதிரி பெரும்பாலும் ஜேசன் வடிவில் எழுதுகின்றது. முகவர் மென்பொருள் அதைப் படித்துக் கருவியை இயக்கி, விளைவை மாதிரிக்குத் திருப்பி அளிக்கின்றது. பணி முடியும் வரை இச்சுழற்சி தொடரும்.

வரலாறு

சிந்தனையையும் செயலையும் மாறிமாறி நிகழ்த்தும் ரியாக்ட் என்னும் முறை 2022 இல் வெளியிடப்பட்டது. மெட்டா நிறுவன ஆய்வாளர்களின் டூல்ஃபார்மர் 2023 பெப்ரவரியில் வெளியானது. அதே ஆண்டு சூனில் ஓப்பன்ஏஐ, தனது மாதிரிகளில் செயற்கூறு அழைப்பு வசதியை அறிமுகப்படுத்தியது. கருவிகளை முகவர்களுடன் இணைப்பதற்கான திறந்த சீர்தரமாக, மாதிரிச் சூழல் நெறிமுறையை ஆந்த்ரோப்பிக் 2024 நவம்பரில் வெளியிட்டது.

நல்ல விவரணத்தின் கூறுகள்

* கருவி எப்போது பயன்படும், எப்போது பயன்படாது என்னும் விளக்கம்
* ஒவ்வோர் உள்ளீட்டின் வகை, அலகு, வடிவம், கட்டாயமா இல்லையா என்பது
* ஒத்த பணி செய்யும் பிற கருவிகளிலிருந்து வேறுபாடு
* தரவை மாற்றுமா, அழிக்குமா என்னும் எச்சரிக்கை
* திருத்திக்கொள்ள வழிகாட்டும் பிழைச்செய்திகள்

எடுத்துக்காட்டாக, தொடர்வண்டி முன்பதிவுக் கருவி ஒன்றின் உள்ளீடு "நாள்" என்று மட்டும் விவரிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். முகவர் 04-05-2026 என எழுதினால், அது மே 4 ஐயோ ஏப்ரல் 5 ஐயோ குறிக்கலாம். கருவி பிழை எதுவும் காட்டாது. பயணச்சீட்டு மட்டும் வேறு நாளுக்குப் பதிவாகிவிடும். "பயண நாள், ஆண்டு-மாதம்-நாள் என்னும் வரிசையில், கடந்த நாள்கள் ஏற்கப்படா" என எழுதி, அவ்விதியை நிரலிலும் சரிபார்த்தால் இத்தவறு தவிர்க்கப்படும்.

சில வேளைகளில் விளக்கத்தைத் திருத்துவதை விடக் கருவியையே மாற்றுவது பயன் தரும். முகவர் வேறு அடைவுக்கு நகர்ந்த பின், சார்புப் பாதைகளைக் கொண்டு கோப்புகளைக் குறிப்பிடுகையில் தவறிழைத்ததாகவும், முழுப் பாதையைக் கட்டாயமாக்கியதும் அத்தவறு நீங்கியதாகவும் ஆந்த்ரோப்பிக் 2024 டிசம்பரில் குறிப்பிட்டது. பிரின்சுடன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024 இல் உருவாக்கிய எஸ்டபிள்யூஇ-ஏஜென்ட், கோப்பை ஒரு நேரத்தில் 100 வரிகள் மட்டும் காட்டியது. தொடரியல் பிழையுள்ள திருத்தங்களை ஏற்க மறுத்தது. இத்தகைய இடைமுகத்துடன் அது எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் சோதனைத் தொகுதியின் 2,294 சிக்கல்களில் ஏறத்தாழ 12.5% ஐத் தீர்த்தது. அதற்கு முந்தைய உயர்ந்த அளவு 3.8% ஆகும்.

மதிப்பீடு

விவரணம் மனிதருக்குத் தெளிவாகத் தோன்றுவது மட்டும் போதாது. முகவரைக் கொண்டு சோதித்தல் வேண்டும். சரியான கருவி தெரிவு செய்யப்பட்டதா, உள்ளீடுகள் சரியா, கருவி தேவையற்ற இடத்தில் அழைக்காமல் இருந்ததா, இறுதி விளைவு சரியா என்பன அளவிடப்படுகின்றன. சியெரா நிறுவனம் 2024 இல் வெளியிட்ட டௌ-பெஞ்ச், முகவரின் பதிலுரையை மட்டும் நம்பாது, உரையாடலின் முடிவில் தரவுத்தளத்தின் நிலையை எதிர்பார்க்கப்பட்ட நிலையுடன் ஒப்பிடுகின்றது.

மொழி மாதிரியின் வெளியீடு ஒவ்வொரு முறையும் மாறக்கூடியது என்பதால், ஒரே சோதனையைப் பலமுறை நிகழ்த்துதல் இன்றியமையாதது. ஒருமுறை வெற்றி பெறும் வாய்ப்பு 80% எனில், முயற்சிகள் ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டால், தொடர்ந்து 8 முறையும் வெற்றி பெறும் வாய்ப்பு ஏறத்தாழ 17% மட்டுமே. செய்துகாட்டலில் சிறப்பாக இயங்கிய கருவி நடைமுறையில் தவறுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். விவரணத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும், மொழி மாதிரியின் பதிப்பு மாறினாலும் சோதனைகளை மீண்டும் நிகழ்த்துதல் வேண்டும்.

பாதுகாப்பு

விவரணம் மாதிரிக்கு அறிவுறுத்தலாகவும் அமைவதால், அதனுள் தீய கட்டளைகளை மறைத்து வைக்க இயலும். இது கருவி நஞ்சூட்டல் எனப்படுகின்றது. ஒரு கருவி "வாசிக்க மட்டும்" எனத் தன்னைத் தானே விவரித்துக்கொள்வது உத்தரவாதம் ஆகாது. எனவே அழித்தல், பணம் செலுத்துதல் போன்ற செயல்களுக்கு முன் பயனரின் ஒப்புதலைப் பெறுவதும், கருவிக்குக் குறைந்த அளவு அனுமதியே தருவதும் பரிந்துரைக்கப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

* பெரிய மொழி மாதிரி
* மாதிரிச் சூழல் நெறிமுறை
* மென்பொருள் சோதனை