ஒரே கிளிக்ல 100 கம்ப்யூட்டருக்கும் அப்டேட்டா? கொஞ்சம் பொறுங்க!

இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் அமையுற குலசேகரன்பட்டினம் பக்கம் ஐ.டி. சப்போர்ட் வேலைக்குப் போற ஐடியா இருக்கா? அப்போ இது உங்களுக்குத்தான்.

ஒரு சர்வர்ல இருந்தே ஆபீஸ் மெஷின் எல்லாத்துக்கும் சாஃப்ட்வேர் அனுப்பலாம். வசதிதான், தப்பும் அதே வேகத்துல போய்ச் சேரும். 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய கோளாறான அப்டேட்டால், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையோடு முடங்கின. இந்திய ஏர்போர்ட்கள்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்க! மெஷின் பூட் ஆனாத்தானே நெட்வொர்க் வழியா சரிசெய்ய முடியும்? பல ஆபீஸ்கள்ல ஒவ்வொரு மெஷின் முன்னாடியும் உட்கார்ந்து, சேஃப் மோடுல அந்த ஃபைலை அழிக்க வேண்டியதாச்சு.

அதனால, முதல்ல ஐ.டி. டீமோட நாலஞ்சு மெஷின். ரெண்டு நாள் பிரச்னை இல்லைன்னா ஒரு டிபார்ட்மென்ட். அப்புறம்தான் மத்தவங்க. சம்பளம் போடுற அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனை மட்டும் மாசக் கடைசியில தொட்டுடாதீங்க!