கன்று வீச்சு நோய்க்கு எந்த இரத்தச் சோதனை?

சினை ஐந்து மாதம் தாண்டிய மாடு கன்று வீசுவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் மனிதருக்கும் தொற்றக்கூடியது, புருசெல்லா அபார்ட்டஸ் என்ற பாக்டீரியாவால் வரும் கன்று வீச்சு நோய். டென்மார்க் கால்நடை மருத்துவர் பெர்னார்டு பாங் 1897இல் இக்கிருமியை விவரித்தார். கிருமியை வளர்த்துக் காட்டுவதே ஐயமற்ற சான்று. ஆனால் அதற்கு நாள் பிடிக்கும். ஆய்வகத்தில் இருப்பவருக்கே தொற்றும் ஆபத்தும் உண்டு. எனவே நடைமுறையில் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளையே தேடுகிறார்கள்.

எளியது ரோஸ் பெங்கால் சோதனை. வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு சீரம், அருகில் அதே அளவு இளஞ்சிவப்புச் சாயமேற்றிய கொன்ற கிருமிக் கரைசல். இரண்டையும் குச்சியால் கலந்து, தட்டை நான்கு நிமிடம் மெல்ல அசைக்க வேண்டும். எதிர்ப்பொருள் இருந்தால் சிவப்புத் துகள்கள் திரளும். இல்லையென்றால் கலவை ஒரே சீராக இருக்கும். நேரம் கடந்தால் ஓரம் காய்ந்து, திரண்டதுபோல் ஏமாற்றும். கரைசல் அமிலத்தன்மை உடையதாக இருப்பதால் பொருந்தாத எதிர்வினைகள் குறைகின்றன, முற்றிலும் நீங்குவதில்லை. எர்சினியா போன்ற வேறு கிருமியும், முன்பு போட்ட எஸ்19 தடுப்பூசியும் நோயில்லாத மாட்டை நோயுற்றதாகக் காட்டிவிடும்.

குழாய்த் திரட்சிச் சோதனை பழமையானது. சீரத்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, ஓரிரவு 37 டிகிரியில் வைத்துப் படிப்பார்கள். இந்தியாவில் மாட்டுக்கு 1:40 நீர்ப்பிலும் திரண்டால், அதாவது மில்லிலிட்டருக்கு 80 அலகு இருந்தால் நோய் எனக் கொள்வது வழக்கம். ஆனால் நாட்பட்ட தொற்றை இது தவறவிடலாம். மூன்றாவது சோதனையான எலிசா நுட்பமானது, ஒரே தட்டில் பல மாடுகளைச் சோதிக்கலாம்; கருவியும் பயிற்சியும் வேண்டும். அதிலும் சாதாரண எலிசாவுக்குத் தடுப்பூசியையும் நோயையும் பிரித்தறியத் தெரியாது. போட்டி எலிசா அதில் சற்று மேல்.

கொல்லிமலையில் ஆலத்தூர் நாடு போன்ற மலையூருக்கு ரோஸ் பெங்கால்தான் முதற்கருவியாகப் பொருந்தும். மின்கருவி தேவையில்லை, குளிர்ப்பெட்டியில் கரைசல் கெடாமலிருந்தால் போதும். திரண்ட மாதிரியை மட்டும் எலிசாவுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதில் ஒரு கவனம் தேவை. மலையிலிருந்து இறங்கும் காரவள்ளி வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கும் இரத்தத்தில் சிவப்பணு உடைந்தால் சீரம் சிவந்து, முடிவு கெடும். மலையிலேயே இரத்தத்தை உறையவிட்டு, மேலே தெளியும் சீரத்தைப் பிரித்துப் பனிக்கட்டியில் வைத்து இறக்குவதே சரி.

எந்தச் சோதனைக்கும் காலம் முக்கியம். கன்று வீசிய உடனே எடுத்த இரத்தம் 'இல்லை' என்று காட்டலாம். ஏனெனில் எதிர்ப்பொருள் சீம்பாலுக்குள் இறங்கியிருக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். தாய் வயிற்றிலேயே தொற்றிய கிடேரி, முதல் ஈற்று வரை எந்தச் சோதனைக்கும் பிடிபடாமலிருக்கலாம். அதனால் ஒருமுறை 'இல்லை' என்று வந்த மாட்டை, அதிலும் புதிதாக வாங்கியதை, மந்தையில் உடனே சேர்ப்பது சரியல்ல.

2019இல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், நான்கு முதல் எட்டு மாத வயதுடைய கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும் எஸ்19 ஒருமுறை போடப்படுகிறது. இந்த வயதில் போட்டால் எதிர்ப்பொருள் பெரும்பாலும் பின்னர் தணிந்துவிடும். வளர்ந்த மாட்டுக்குப் போட்டால் நெடுங்காலம் நின்று சோதனையைக் குழப்பும். ஆகவே முடிவைப் படிக்குமுன் காது வில்லை எண்ணை வைத்துத் தடுப்பூசிப் பதிவைப் பார்த்தாக வேண்டும். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமல், சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்க வேண்டியது சோதனை முடிவுக்குக் காத்திராத வேலை.