மொல்டோவிட்சா மடத்தின் சுவரோவியம்

வடகிழக்கு ருமேனியாவிலுள்ள வத்ரா மொல்டோவிட்செய் கிராமம் தனது மரபுவழிக் கிறிஸ்தவ மடத்தினால் புகழ்பெற்றது. மொல்டேவிய ஆட்சியாளர் பெற்று ராரெஷ் 1532இல் கட்டுவித்த இம்மடத் தேவாலயத்தின் வெளிச்சுவர்களிலும் 1537இல் ஓவியங்கள் தீட்டப்பட்டன. ஈரமான சுண்ணாம்புச் சாந்தின் மீது வர்ணம் தீட்டும் முறை இது.

தெற்குச் சுவரிலுள்ள கொன்ஸ்தாந்திநோபிள் முற்றுகையே இவற்றுள் முக்கியமானது. மாணவர்களே, இதனை 1453இல் அந்நகர் வீழ்ந்த காட்சி என எழுதிவிடாதீர்கள். 626இல் பாரசீகரும் அவாரியரும் முற்றுகையிட்டுத் தோற்ற நிகழ்ச்சியே இதன் கருப்பொருளாகும். ஆயினும் பகைவர் துருக்கியரின் உடையில், பீரங்கிகளுடன் காணப்படுகின்றனர். 7ஆம் நூற்றாண்டில் பீரங்கி ஏது! ஓவியம் தீட்டப்பட்ட காலத்தில் மொல்டேவியா ஒட்டோமன் பேரரசுக்குத் திறை செலுத்தி வந்தது. பழைய வெற்றியைக் காட்டி மக்களுக்கு நம்பிக்கையூட்டுவதே நோக்கம் எனலாம். ஆனால் மறுவருடமே, 1538இல், சுல்தான் சுலைமான் படையெடுத்து ராரெஷை ஆட்சியிலிருந்து அகற்றினார்.

1993இல் யுனெஸ்கோ இத்தேவாலயத்தை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மழையும் காற்றும் தாக்கும் வடக்குச் சுவரின் ஓவியங்கள் பெரிதும் மங்கிவிட்டன.